வாழ்த்துமடலில் சந்தோசத்தை எழுதுவது எப்படி

திருகோணமலை நகரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் 23 வருடமாக வேலை செய்கிறேன். கல்யாண அழைப்பிதழ், சாமத்திய வீட்டு மடல், பரீட்சையில் தேறிய பிள்ளைக்கு உறவுக்காரர் அடிக்கும் வாழ்த்துமடல், முப்பத்தோராம் நாள் நினைவுமலர் எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். எழுத்துப்பிழை பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் எழுதிக்கொண்டு வருவதில்லை. "நீங்களே வடிவா ஒண்டு எழுதி விடுங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வாங்கில் இருந்துவிடுவார்கள்.

எழுதிக்கொண்டு வருகிறவர்களின் தாளில் முதல் வரி அனேகமாக "மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறோம்" என்றே இருக்கும். மட்டு என்றால் அளவு. அளவில்லாத மகிழ்ச்சி. பிழையான தமிழ் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கும் அதே வரி, கடைத் திறப்புக்கும் அதே வரி, பட்டமளிப்புக்கும் அதே வரி என்றால் வாசிக்கிறவரின் கண் அதில் நிற்காது. நேரே மண்டபத்தின் பெயருக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் போய்விடும்.

தமிழில் சந்தோசத்தைச் சொல்ல எத்தனையோ தொடர்கள் இருக்கின்றன. உச்சி குளிர்கிறது, வயிற்றில் பால் வார்க்கிறது, மெய் சிலிர்க்கிறது, முகம் மலர்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கஷ்டத்துக்குப் பக்கத்தில் பிறந்தது. அந்தக் கஷ்டம் எது என்று தெரிந்தால், எந்தத் தொடரை யாருக்கு எழுதுவது என்பது தானாகத் தெரியும். நான் தேர்ந்தெடுக்கும் விதத்தை இங்கே எழுதுகிறேன். மடல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் இல்லை, மேடையில் இரண்டு வார்த்தை பேசுகிறவர்களுக்கும், பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் ஒரு கேள்வி

பேனாவை எடுக்கும் முன் வந்தவரிடம் நான் கேட்பது இதுதான்: "இந்தச் சந்தோசத்துக்கு முன்னால என்ன இருந்தது?"

இது நானாகக் கண்டுபிடித்த கேள்வி இல்லை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி உண்டு. மனதில் எழுவது உடம்பில் எப்படித் தெரிகிறது என்று சொல்லும் பகுதி. அதில் எட்டு மெய்ப்பாடுகளில் கடைசியாக வருவது உவகை. "செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே" என்கிறது சூத்திரம். செல்வம் கிடைத்தால், அறிவு கிடைத்தால், அன்புள்ளவரோடு சேர்ந்தால், விளையாடினால் உவகை பிறக்கும். நான்கு காரணத்தையும் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினேன். ஆனால் அந்த "அல்லல் நீத்த" என்ற இரண்டு சொல்லை அச்சகத்துக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். துன்பம் விலகியதுதான் உவகை. முதலில் அல்லல் ஒன்று இருந்திருக்கிறது.

குளிர்ச்சி: வெயிலுக்குப் பிறகு வருவது

எங்கள் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிப்போய் இந்தப் பக்கம் இறங்கி வரும் காற்று. முற்றத்தில் காயப்போட்ட சேலை கால் மணித்தியாலத்தில் மொறுமொறுத்துவிடும். உதடு வெடிக்கும். பின்னேரம் கிணற்றடிக்குப் போய் முதல் வாளித் தண்ணீரை உச்சியில் ஊற்றும்போது உடம்புக்குள் ஒன்று இறங்குமே, அதைத்தான் நம் மொழி "உச்சி குளிர்ந்தது" என்று எடுத்து வைத்திருக்கிறது.

தமிழில் சந்தோசம் குளிர்ச்சியானது. கண் குளிரப் பார்த்தோம், காது குளிரக் கேட்டோம், மனம் குளிர வாழ்த்தினோம், வயிறு குளிரச் சாப்பிட்டோம். அன்பை ஈரம் என்கிறோம். இனிய சொல்லை "ஈரம் அளைஇ", அதாவது ஈரம் கலந்தது என்று திருக்குறள் சொல்கிறது. தண்ணீர் என்ற சொல்லே தண் சேர்ந்த நீர், குளிர்ந்த நீர். அதனால்தான் சுடுகிற நீருக்கு வெந்நீர் என்று தனிப்பெயர் வைக்க வேண்டி வந்தது. எங்கள் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. செத்தவர்களுக்குக் கிரியை செய்யக் குடும்பங்கள் அங்கே போவது இங்குள்ள வழக்கம். கன்னியாவுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும்: சுடுநீர் துக்கத்தோடு, தண்ணீர் சந்தோசத்தோடு.

ஆகவே யாராவது "வெதுவெதுப்பான வரவேற்பு" என்று எழுதிக்கொண்டு வந்தால் நான் மாற்றிவிடுவேன். குளிர் நாட்டுக்காரருக்கு அடுப்பின் சூடு ஆறுதல். நமக்கு இல்லை.

குளிர்கிற இடத்தைப் பார்த்து எழுதுங்கள். உச்சி குளிர்வது புகழ்ச்சியால். ஒரு ஆசிரியர் பிள்ளையைப் பற்றி நாலு பேர் முன்னால் நல்லதாகச் சொன்னால் தாய்க்கு உச்சி குளிரும். குழந்தைக்கு உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்ப்பதும், உச்சி மோந்து கொஞ்சுவதும் இந்தத் தொடருக்குப் பின்னால் இருக்கின்றன. பாராட்டு அந்த இடத்தில்தான் போய் விழும். ஆனால் ஒன்று: "அவரை உச்சி குளிரப் பேசினான்" என்றால் முகத்துதி செய்தான் என்று ஒரு பொருளும் வரும். அதனால் பாராட்டுகிற மடலில் "உங்கள் உச்சி குளிர" என்று எழுதாதீர்கள். பாராட்டு வாங்கியவர் நன்றி சொல்லும்போது "என் உச்சி குளிர்ந்தது" என்று எழுதலாம்.

கண் குளிர்வது காண்பதால். நெடுநாள் காணாத ஒருவரைக் கண்டால், கோயில் தேர் வீதிக்கு வந்தால், மணக்கோலத்தில் பிள்ளையைப் பார்த்தால். கிண்ணியாவிலிருந்து எங்களிடம் மடல் அடிக்க வரும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் நானா என்போம், இதைப் பற்றி எனக்கு ஒரு நல்ல விஷயம் சொல்லித் தந்தார். மகனின் நிக்காஹ் மடலுக்கு "கண்குளிர்ச்சி" என்ற சொல் கட்டாயம் வேண்டும் என்றார். குர்ஆனில் அல்புர்கான் அத்தியாயத்தின் 74ஆவது வசனத்தில் ஒரு துஆ வருகிறதாம். வாழ்க்கைத் துணையையும் பிள்ளைகளையும் எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கித் தா என்று இறைவனிடம் கேட்பது. அரபியிலும் அது கண்ணின் குளிர்ச்சிதான். பாலைவனத்து மொழியும் கச்சான் காற்றில் காய்கிற மொழியும் சந்தோசத்தை ஒரே இடத்தில் வைத்திருப்பதை அன்று நினைத்து நினைத்து வியந்தேன். அந்த மடலில் அந்த ஒரு சொல்லை மட்டும் தனி வரியாக விட்டு அடித்தோம்.

வயிறு குளிர்வது இன்னும் ஆழம். பசியைத் "தீப்பிணி" என்கிறார் வள்ளுவர். எரிகிற வயிறு சோற்றால் குளிர்கிறது. அங்கிருந்து அது பெற்றவளின் வயிற்றுக்குப் போனது. வயிறெரிந்து சொன்னால் சாபம், வயிறு குளிர்ந்து சொன்னால் வாழ்த்து. அன்னதானம் கொடுத்தவருக்கும், பெற்றோருக்கும், வயதானவர்களைப் பார்த்துக்கொண்டவருக்கும் இந்தத் தொடரை எழுதலாம். கூட்டாளியின் பிறந்தநாளுக்கு இது சரிவராது.

பால் வார்ப்பது: பயத்துக்குப் பிறகு வருவது

இதை நான் பட்டுத்தான் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். வெளிநாட்டில் கனகாலம் விசாவுக்காகக் காத்திருந்த மகன் ஊருக்கு வந்து கல்யாணம் செய்கிறான். வீட்டுக்காரர் கேட்டபடி நான் எழுதினேன்: "எங்கள் வயிற்றில் பால் ஊற்றியதுபோல் வந்து சேர்ந்த மகனின் திருமணத்துக்கு..." 200 மடல் அடித்தாயிற்று. மடலை எடுக்க வந்தவர்களோடு ஒரு ஆச்சியும் வந்திருந்தார். கண்ணாடியைப் போட்டு ஒருதரம் வாசித்தார். மடலை மேசையில் கவிழ்த்து வைத்தார். "மகள், பால் ஊத்துறது எப்ப எண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்று மட்டும் கேட்டார்.

உயிர் பிரியும் நேரத்தில் வாயில் பால் விடுவோம். சுட்ட இடத்தில் பால் தெளிப்போம். "பால் ஊற்றியாச்சு" என்றால் ஒருவர் கதை முடிந்தது என்று பொருள். கல்யாண மடலில் அந்தச் சொல்லை வைத்தது என் பிழை. 200 மடலையும் மறுபடி அடித்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து ஒரு தொடரின் வினைச்சொல்லை மாற்றுவதற்கு முன் இரண்டு தரம் யோசிப்பேன். பால் வார்க்கலாம். ஊற்றக் கூடாது. மரபுத்தொடரில் ஒரு சொல்லுக்குப் பதில் அதே பொருளுள்ள இன்னொரு சொல்லை வைத்தால், கூட்டிக்கொண்டு வருகிற நினைவு மாறிவிடும்.

வயிற்றில் பால் வார்ப்பதன் எதிர்ப்பக்கம் வயிற்றில் புளியைக் கரைப்பது. பயம் வந்தால் வயிறு கலங்கிப் புளித்துப் பொங்குமே, அதுதான். அந்தப் புளிப்பும் எரிச்சலும் இருக்கும் இடத்தில் பால் போய் இறங்கி ஆற்றுகிறது. புளி இல்லாத வயிற்றில் பால் வார்ப்பதில் பொருள் இல்லை. ஆகவே சும்மா ஒரு சந்தோசத்துக்கு இதை எழுதாதீர்கள். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது, கடலுக்குப் போனவர் புயலுக்கு முன் கரை வந்தார், காணாமல்போன பிள்ளையின் குரல் போனில் கேட்டது என்று பயம் நீங்கிய இடங்களுக்கு இதை வையுங்கள்.

போன வருடம் ஒரு கடற்றொழிலாளி அண்ணன் வந்தார். மகள் உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தரம் எழுதி மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். வீட்டில் சின்னதாக ஒரு பூசை, அதில் மகளின் கையில் கொடுக்க மடல் வேண்டும். அவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். முன்னால் என்ன இருந்தது? சிரித்த முகம் அப்படியே அடங்கிவிட்டது. "ரிசல்ட் வந்திட்டுது தங்கச்சி, நல்ல ரிசல்ட். ஆனா வெட்டுப்புள்ளி வர வேணுமே. அதுவரைக்கும் மாதக்கணக்கா நானும் மனுசியும் நித்திரை கொள்ளேல்ல. வெளியில காட்டயும் ஏலாது, பிள்ளை பாத்திடுவாள். ராவில வலைக்குப் போய் இருந்து அதையே யோசிப்பன்."

பரீட்சை முடிவுக்கும், பல்கலைக்கழகத்துக்கு எடுபட எவ்வளவு புள்ளி வேண்டும் என்று சொல்லும் வெட்டுப்புள்ளிக்கும் நடுவிலுள்ள மாதங்கள் எப்படிப்பட்டவை என்று பிள்ளைகளைப் படிக்கவைத்த எல்லா வீட்டுக்கும் தெரியும். அவருடைய மடலுக்கு எது சரியான தொடர் என்று நான் தேடவே இல்லை.

களிப்பும் மகிழ்ச்சியும்: கள்ளுக்குப் பக்கத்தில் பிறந்தவை

நாம் மிகச் சுத்தமானது என்று நினைத்து எழுதும் "மகிழ்ச்சி" என்ற சொல்லின் பழைய வீடு கள்ளுக் குடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. "உள்ளக் களித்தலும் காண மகிழ்தலும் கள்ளுக்கில் காமத்திற்கு உண்டு" என்பது குறள். கள்ளைக் குடித்தால்தான் களிப்பு, காதலுக்கோ நினைத்தாலே களிப்பு, கண்டாலே மகிழ்ச்சி. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் "களித்தறியேன் என்பது கைவிடுக" என்று வருகிறது. நான் குடித்ததே இல்லை என்று பொய் சொல்லாதே என்பது அதன் கருத்து. அங்கே களித்தல் என்றால் வெறியேறுவது.

இதைச் சொல்வது அந்தச் சொற்களைத் தள்ளுவதற்காக இல்லை. இரண்டாயிரம் வருடத்தில் அவை கழுவித் துடைத்துச் சுத்தமாகிவிட்டன. ஆனால் சில தொடர்களில் அந்தத் தள்ளாட்டம் இன்னும் ஒட்டியிருக்கிறது. "தலைகால் புரியாத சந்தோசம்" என்றால் நல்லது. எது தலை எது கால் என்று தெரியாத அளவு சந்தோசம். அதையே "தலைகால் தெரியாமல் ஆடுகிறான்" என்று திருப்பினால் தலைக்கனம் பிடித்தவன் என்றாகிவிடும். "ஆனந்தக் கூத்தாடினார்" என்றால் நடராசரின் ஆனந்தத் தாண்டவம் பின்னால் நிற்கும், மரியாதையான சொல். "கூத்தடித்தார்" என்றால் அவர் கள்ளுத் தவறணையிலிருந்து வருகிறார் என்று ஊர் விளங்கிக்கொள்ளும். "வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்" என்பதைச் சந்தோசம் என்று நினைத்து எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது கோபத்துக்கு உரியது. "வாயெல்லாம் பல்" கூட்டாளிகளுக்குள் சொல்லலாம், மடலில் வேண்டாம்.

பெற்ற பொழுதைவிடப் பெரிது

பிள்ளை ஒரு நல்ல நிலைக்கு வந்தால் "பெற்றபோது அடைந்ததைவிடப் பெரிய மகிழ்ச்சி" என்று தாய்மார் சொல்வதுண்டு. "ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்" என்ற குறள் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொற்கள் அதற்கு முன்னாலேயே புறநானூற்றில் இருக்கின்றன. பூங்கண் உத்திரையார் பாடிய 277ஆம் பாட்டு. கொக்கின் இறகுபோல் நரைத்த கூந்தலுள்ள கிழவி. அவளுடைய மகன் போரில் யானையைக் கொன்று தானும் செத்தான் என்று சேதி வருகிறது. அவளுடைய உவகை "ஈன்ற ஞான்றினும் பெரிதே" என்கிறது பாட்டு. அதே வாயில் அவளுடைய கண்ணீரையும் சொல்கிறது. காற்றில் அசையும் மூங்கிலில் தங்கி, சொட்டுச் சொட்டாக விழும் மழைத்துளிகளைவிட அதிகம் என்று.

முப்பது வருடம் போரைப் பார்த்த ஊர் எங்களது. இங்கே எத்தனை தாய்மார் அந்தச் சேதியைக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த வீடுகளை எண்ணினாலே கை விரல் போதாது. அவர்களில் ஒருவரிடமும் நான் உவகையைக் காணவில்லை. கண்ணீரை மட்டும் கண்டேன். அதனால் அந்தப் புறநானூற்று வரியை நான் எந்த மடலிலும் எடுத்து எழுதியது இல்லை, எழுதவும் மாட்டேன். வள்ளுவர் அதே அளவுகோலை எடுத்துப் போர்க்களத்துக்கு வெளியே கொண்டுபோய், செத்தவன் என்ற இடத்தில் சான்றோன் என்று வைத்தார். அந்த வரியை மனநிறைவோடு எழுதுவேன். ஆனால் தாய் உயிரோடு இருக்கிறாரா, மடலை அவர் வாசிப்பாரா என்று முதலில் கேட்டுக்கொள்வேன்.

தோலில் எழுவது: புளகமும் எங்கள் புளுகமும்

மெய்சிலிர்த்தல், மயிர்க்கூச்செறிதல், புளகாங்கிதம். மூன்றும் ஒன்றுதான், உடம்பில் மயிர் குத்திட்டு நிற்பது. புளகம் வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கிதம் என்றால் அடையாளம் பதிந்தது. புளகத்தின் அடையாளம் உடம்பெல்லாம் பதிந்த நிலை புளகாங்கிதம். மேடைப் பேச்சில் இதை அளவுக்கு மீறி அடிக்கிறார்கள். உண்மையாகவே மயிர் சிலிர்த்த இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கோணேசர் கோயிலில் விடியப்புறம் மணியோசையும் கீழே பாறையில் அலை மோதும் ஓசையும் ஒன்றாகக் கேட்கும் இடம் மாதிரி.

இதோடு சேர்த்து எங்கள் பக்கத்துச் சொல் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். "அவளுக்கு இண்டைக்கு ஒரே புளுகம்." இலங்கைத் தமிழில் புளுகம் என்றால் பெரிய சந்தோசம், உள்ளுக்குள் அடக்க முடியாமல் முகத்தில் வந்து நிற்கும் சந்தோசம். தமிழ்நாட்டுக்காரர் இதைப் பொய் என்று எடுத்துக்கொள்வார்கள், புளுகு என்ற சொல்லோடு சேர்த்து. எனக்கு இது புளகத்தின் பேச்சு வடிவமாகவே படுகிறது. ஒலியும் பொருளும் இரண்டும் ஒட்டுகின்றன. அச்சில் போட எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். "புளுகம்" என்று நான் எழுதியதை வெட்டி "மகிழ்ச்சி" என்று போடச் சொல்கிறார்கள். வீட்டாருக்குள் மட்டும் போகும் மடல் என்றால் வெட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். அம்மம்மா சொன்ன சொல்லை மடலில் கண்டால் பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள். சென்னைக்கோ வேறு ஊருக்கோ போகும் மடலில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

உவமைகள்

மழை கண்ட பயிர், மழை கண்ட மயில், மதி கண்ட கடல், தாயைக் கண்ட சேய். இவற்றில் முதல் இரண்டையும் இப்படிப் பிரித்துக்கொள்வேன். மயில் அழகுக்கு, பயிர் காத்திருப்புக்கு. தம்பலகாமத்துப் பக்கம் மழையை நம்பி விதைத்தவர்களுக்குப் பெரும்போகத்தில் மழை பத்து நாள் பிந்தினால் என்ன ஆகும் என்று தெரியும். முளை மஞ்சளாகிக் கருகத் தொடங்கும்போது ஒரு பாட்டம் மழை பெய்தால், அடுத்த நாள் காலையில் வயல் தலை தூக்கி நிற்கும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு பிள்ளை பிறந்த ஒரு வீட்டுக்கு "மழை கண்ட பயிரானோம்" என்று எழுதினேன். வேறு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

மதி கண்ட கடல் அழகான உவமை. முழுநிலா நாளில் கடல் பொங்கும், அதுபோல் உள்ளம் பொங்கியது என்பார்கள். ஞானசம்பந்தர் எங்கள் ஊரைப் பாடும்போதே "குரைகடல் ஓத நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்று கடல் முத்தை அள்ளிக் கொட்டுவதாகத்தான் பாடினார். ஆனால் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள். நிலாவெளியிலோ மூதூரிலோ கிண்ணியாவிலோ கரையில் இருக்கும் குடும்பத்துக்குக் கடல் பொங்கியது என்று சந்தோசத்துக்கு எழுத என் கை வராது. இலக்கியம் படித்த ஒரு தம்பி இந்த உவமையைத் தன் அக்காவின் கல்யாண மடலுக்கு எழுதிக்கொண்டு வந்தார். வீடு எங்கே என்று கேட்டேன். சொன்னார். சொன்ன உடனே அவரே அந்த வரியை வெட்டினார்.

இன்னும் சில. "பழம் நழுவிப் பாலில் விழுந்தது" அதிர்ஷ்டத்தைச் சொல்வது, உணர்வைச் சொல்வது இல்லை. "கரும்பு தின்னக் கூலி வேண்டுமா" என்பது ஒரு வேலையை விருப்பத்தோடு ஏற்றுக்கொள்வது. இரண்டும் நல்ல தொடர்கள், ஆனால் கல்யாண மடலில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கிடைத்த இலாபம்போல் தொனிக்கும். "ஏழாம் சொர்க்கத்தில் மிதக்கிறோம்" இங்கிலீசிலிருந்து இறக்கியது. நம் காதில் அது இன்னும் ஊறவில்லை.

எழுதும்போது

சரி, தொடரைத் தேர்ந்துகொண்டீர்கள். ஒரு மடலுக்கு ஒன்று போதும். உச்சியும் குளிர்ந்து, மெய்யும் சிலிர்த்து, முகமும் மலர்ந்தால் வாசிக்கிறவர் எதையும் நம்ப மாட்டார். வரவேற்கும் வரியில் மட்டும் "முகமலர்ச்சியோடு" என்று ஒன்று சேர்க்கலாம், அது விருந்தோம்பலுக்கு உரிய சொல். விருந்தினர் முகம் திரிந்து பார்த்தாலே வாடிவிடுவார்கள் என்று அனிச்சப்பூவை வைத்துச் சொன்னார்களே, அதன் மறுபக்கம்.

அந்தத் தொடருக்கு முன்னால் இருந்த கஷ்டத்தை ஒரு வரியில் எழுதுங்கள். விரித்து எழுதத் தேவையில்லை, ஒரு வரிதான். பிறகு தொடர். பிறகு நிறுத்திவிடுங்கள். எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள், முடிந்தால் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவருக்குக் கேட்கும்படி. நான் படித்த பாடத்தை நீங்கள் 200 மடல் அடித்துப் படிக்கத் தேவையில்லை.

அந்தக் கடற்றொழிலாளி அண்ணனுக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "மகள், வெட்டுப்புள்ளி வரும்வரை அம்மாவும் அப்பாவும் நித்திரை கொள்ளவில்லை. உனக்குக் காட்டவும் இல்லை. நீ ஓடிவந்து சொன்ன அன்று எங்கள் வயிற்றில் பால் வார்த்தாய்." அவர் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். முடித்துவிட்டு வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "ரீச்சருக்கும் ஒண்டு அடிச்சுத் தாங்க தங்கச்சி, இதையே" என்றார்.

"இதையே போட ஏலாது அண்ணே. ரீச்சருக்கு முன்னால என்ன இருந்தது?"

யோசித்தார். "இரண்டாம் தரம் எழுதேக்க காசு குடுக்க ஏலாமப் போச்சு. மகள் வகுப்புக்குப் போகாம நிண்டிட்டாள். ரீச்சர்தான் எங்கட வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனா. கச்சான் வெயிலுக்குள்ள, நடந்து."

அந்த மடலில் வயிறும் இல்லை, பாலும் இல்லை. வெயிலில் நடந்து வந்ததை முதல் வரியில் எழுதினேன். இரண்டாம் வரியில் "எங்கள் மனம் குளிர்ந்தது" என்று எழுதினேன்.